அரக்கன் மனைவிக்குக் குரல் கொடுத்தவர்

மறுகதையர் என்று ஒரு ரகம் பெருகிவருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் அவரே வந்து பார்ப்பார், கையில் புத்தகத்தோடு. கிரேக்கப் புராணத்தில் வசனமே இல்லாமல் ஓரமாக நிற்கிற ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, அவளை நானூறு பக்கம் பேச வைப்பது இவர் தொழில். அட்டையில் தங்க நிறத்தில் பக்கவாட்டு முகம், உள்ளே இரண்டு பக்க வம்சாவளி, முதல் வரி கட்டாயம் 'அவர்கள் சொன்னதெல்லாம் பொய்.' யார் அந்த அவர்கள்? அது கடைசிவரை தெரியாது.

நம்முடையவர் இந்தத் துறைக்குச் சற்றுத் தாமதமாக வந்தார். அதற்குள் பாம்புக் கூந்தல்காரியை ஏழு பேரும், கடலோடிப் புருஷனுக்காக இருபது வருஷம் காத்திருந்தவளைப் பதினொரு பேரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். மனம் தளராமல் தேடி, ஒற்றைக்கண் அரக்கனின் மனைவியைக் கண்டுபிடித்தார். புராணத்தில் அப்படி ஒருத்தி இல்லையே என்றால், "அதைத்தான் சொல்றேன். எப்படி இருட்டடிப்புப் பண்ணியிருக்காங்க பாருங்க" என்பார். கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு, "நான் எழுதலைங்க. அவ பேசறா. நான் காது கொடுத்துக் கேட்கறேன், அவ்வளவுதான்" என்பார். கடல்தேவனுக்கு யார் சித்தப்பா, யார் சகலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்த மைத்துனன் மகள் மட்டும் இவருக்கு இன்னும் "அந்தச் சின்னப் பொண்ணு". அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகிறது.

வீட்டில் இவருக்கும் ஒரு மனைவி உண்டு. அரக்கன் மனைவியைவிட ஒரு வசதி, புருஷனுக்கு இரண்டு கண். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை. வேறு ஊரில் திறக்கும் புதுக் கூடத்துக்கு அந்த அம்மாளைத் தலைமைப் பொறுப்பில் போகச் சம்மதமா என்று கேட்டுக் கடிதம் வந்தது; வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஆசைதான். கூடவே, 'நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்' என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்கவும் ஆசை. இரண்டும் ஒரே மனசில் இருக்கக்கூடாதா என்ன?

திங்கட்கிழமை அந்த அம்மாள் இவர் எழுதும் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

"கொஞ்சம் இரும்மா. அவ இப்பத்தான் வாயத் தொறந்திருக்கா."

புதன்கிழமை அரக்கன் மனைவி அழுதுகொண்டிருந்தாள், குறுக்கிடக் கூடாதாம். வியாழக்கிழமை அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். இவர் கணினித் திரையைப் பார்த்தபடியே வரிக்கு வரி உம் கொட்டினார்.

"அப்ப நான் போகட்டுமா?"

"உம்."

அந்த அம்மாள் நாற்காலியை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை சம்மதக் கடிதம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை பெட்டியோடு கிளம்பினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தியாயம் முடிந்து இவர் வெளியே வந்தபோதுதான் வீடு காலி என்று தெரிந்தது. பதறிப்போய் போன் செய்தார்.

"எங்கம்மா இருக்கே?"

"உங்களைக் கேட்டுட்டுத்தானே வந்தேன்."

"எப்பக் கேட்டே?"

"அவ அழுது முடிச்சப்புறம்."

மனிதர் ஆடிப்போய்விட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அழுதார், பாவம், நிஜமான அழுகைதான். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, வீட்டைவிட்டுப் போன ஒரு மனைவியைப் பற்றிப் புது நாவல் தொடங்கினார். முதல் வரி: 'போகும்போது அவள் எதுவுமே சொல்லவில்லை.'

என்ன ஜென்மம் இது என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து யாரோ எதுவோ கேட்டார்களே, நீங்களும் தலையாட்டி அனுப்பினீர்களே, என்ன கேட்டார்கள்?