ஐந்து மணி முதல் ஆறு மணி வரை காது கேளாது

மில் கந்தோர்,
நிந்தவூர்.
வியாழக்கிழமை, லுஹர் தொழுதபின்.

அன்பின் மச்சான் ஹிஷாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம்; உன் ராத்தாவின் இடது முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை, அது மழைக்கு முன்பே மழையை அறிவிக்கிறது. அங்கே உன் உடம்பும் வேலையும் தோஹா வெயிலும் எப்படியென்று அறிய ஆவல். ஊரில் உள்ள மின்சாதனம் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கும் அபூசாலி மச்சான் ஏன் தாளும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. என் போனுக்கு வருவதும் போவதும் எல்லாம் உன் ராத்தா, என் பெண்சாதி றஹீமாவின் போனிலும் விழும். இரண்டையும் ஒரு பெருநாள் லீவில் மூன்று மணித்தியாலம் மினக்கெட்டு ஒன்றாக இணைத்துவிட்டது நான்தான். பிரிப்பது எப்படியென்று இன்னும் பிடிபடவில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை உன் பக்கம் வருகிற பக்கத்து வீட்டு இன்ஸாபின் கையில், மாசிக் கருவாட்டுப் பார்சலுக்கு அடியில் வைத்து இதை அனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

நீ அனுப்பிய காது மெசின் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பெட்டியைத் திறந்த அன்று நான் பகல் சோறு தின்னவில்லை. மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்கும்போது ஒரு சுகம் இருக்கிறதே, அதை அவசரப்படுத்துகிறவன் மனுசனே இல்லை. உள்ளே இரண்டும் நெத்தலித் தலை அளவில் பஞ்சுக்குள் படுத்துக் கிடந்தன. விளக்கப் புத்தகத்தை முதலில் ஒருமுறை, பின்பு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை வாசித்து, பிஸ்மி சொல்லி மாட்டினேன். இருபத்தேழு வருடம் நெல்லு மில்லின் சத்தத்துக்குள் நின்று, நான்கு வருடத்துக்கு முன் செத்துப்போன காதுகள் மச்சான் இவை. முதலில் கேட்டது காற்றாடி. அது பாட்டுக்குச் சுற்றுகிறது என்று நினைத்திருந்தேன், அது முனகிக்கொண்டே சுற்றுகிறது. பிறகு ஃபிறிஜ் இருமியது. தேத்தண்ணியில் கரண்டி கோப்பையில் தட்டுவது கேட்டது. என் மில்லுக்குப் போனால் மூன்றாம் பெல்ட் ஆட்டுக்குட்டிபோல் கத்துகிறது. நான்கு வருடமாகக் கத்துகிறதாம், முதலாளிக்குத் தெரிந்துதான் விட்டு வைத்திருக்கிறார் என்று வேலையாட்கள் நினைத்திருக்கிறார்கள். காற்றுச் சத்தத்தைக் குறைக்கிற வசதியைப் பரீட்சிப்பதற்கென்றே ஒலுவில் துறைமுகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய், படகு வருகிற பக்கம் காதைக் காட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன். மீன் வாங்காமல் நிற்கிற ஆளை அங்கே இரண்டுபேர் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவர்களுக்கும் மெசினைக் கழற்றிக் காட்டி விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தச் சந்தோசத்துக்குள் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வீட்டில் றஹீமாவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் "ஒண்டுமில்ல" என்பாள். முகம் சிவந்திருக்கும், சட்டியைக் கொஞ்சம் பலமாக வைப்பாள். கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பிறஷர் நூற்றைம்பத்தெட்டு என்றார், உப்பைக் குறையுங்கள், மனதில் எதையும் போட்டு வைக்காதீர்கள் என்று மருந்தும் எழுதிக் கொடுத்தார். நான் பயந்துபோனேன் மச்சான். அவளுடைய உம்மா, என் மாமி, அதே பிறஷர் வருத்தத்தில்தான் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனா. பயத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் ஒரு சாமான் வாங்கினேன். கையில் கட்டினால் தானாக அளந்து போனுக்கு அனுப்பிக் கோடு போட்டுக் காட்டுகிற பிறஷர் மெசின். பத்து நாள் அளந்தேன். கோடு அழகாக வந்தது. நான் மில்லில் இருக்கிற நேரம் கோடு கீழே கிடக்கிறது. நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினதும் ஏறுகிறது. தொழப் பள்ளிக்குப் போனால் இறங்குகிறது. எவ்வளவு நுணுக்கமான மெசின் பார் என்று அதை அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கோட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ச் சட்டி கழுவினாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உப்புத்தான் காரணமென்று கருவாட்டை நிறுத்தினேன்.

இதற்கிடையில் பள்ளியில் நடந்ததை உனக்கு வேறு யாரும் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் என் வாயால் கேள். போனில் அழைப்பு வந்தால் ஐந்து நொடியில் தானாகவே காதுக்குள் பேச்சு வந்துவிடும்படி பொருத்தி வைத்திருந்தேன். ஜும்ஆவுக்குப் போய் முன் வரிசையில் இருக்கிறேன், போன் சத்தமில்லாமல்தான் சட்டைப் பையில் கிடக்கிறது. மௌலவி பொறுமையைப் பற்றிக் குத்பா ஓதுகிறார். பள்ளியே ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த நேரம் என் வலது காதுக்குள், மில்லுக்கு நெல்லுத் தருகிற காரைதீவுத் தங்கராசா, "காக்கா, நெல்லுக் காஞ்சிட்டு, இண்டைக்கு ஏத்தவா?" என்கிறார். பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றே நினைத்துவிட்டேன். நான்கு வருடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை வேறு. "ஓம் தங்கராசா, கொண்டு வாங்க, ஈரமில்லாமப் பாத்துக் கொண்டு வாங்க!" என்றேன். எல்லாத் தொப்பியும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. மௌலவி நிறுத்தினார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், பொறுமையைப் பற்றி முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து போனைப் பள்ளிக்குக் கொண்டு போவதில்லை. அதுதான் அடுத்த காரியத்துக்கு வழி விட்டது.

மெசினில் இன்னொரு வசதி இருக்கிறது: போனை ஓரிடத்தில் வைத்துவிட்டு நாம் வேறோரிடத்தில் இருந்தால், போனுக்குப் பக்கத்தில் நடக்கிற சத்தமெல்லாம் நமது காதுக்கு வரும். போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கள், சோறு கொதிக்கிறதை ஹோலில் இருந்து கேட்டுப் பார்ப்போமே என்று போனைக் குசினித் தட்டில் வைத்திருந்தேன். அஸருக்குப் பாங்கு சொன்னதும் அதை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தால் கேற்றடியில் தங்கராசா நிற்கிறார், வெள்ளிக்கிழமை விசயத்துக்கு வருத்தம் தெரிவிக்க வந்திருக்கிறார். ஹோலில் இருத்தினேன். நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் மெசினும் போனும் தங்களுக்குள் சலாம் சொல்லிச் சேர்ந்துகொண்டன. குசினிக்குள் உன் பெரிய ராத்தா சரீபா வந்திருக்கிறா என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"என்னடி றஹீமா, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கி, மருந்து குடிக்கிறயா?" என்றா சரீபா மதினி.

மெசினைக் கழற்றிவிட வேண்டும் என்று கை காது வரைக்கும் போனது, வல்லாஹி போனது. அப்போது என் கதை வந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"மருந்தால சரிவராது ராத்தா. இந்தக் காது மெசின் வந்த நாள்ல இருந்து எனக்கு மனிசன ஏச ஏலாமப் பெய்த்து."

"என்னது?"

"நாலு வருசமா இந்த அடுப்படியில நிண்டு வாய் நிறைய ஏசுவன். அவரு முன்னால கதிரையில இருந்து சிரிச்சிக்கிட்டு இரிப்பாரு. ஏசி முடிஞ்சா நெஞ்சு பஞ்சாப் பெய்த்திரும், சந்தோசமாத் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன். இப்ப எல்லாத்தயும் முழுங்க வேண்டிக் கிடக்கி."

முன்னால் தங்கராசா, "மாடு ஒண்டு ரெண்டு நாளாத் தின்னுதில்ல காக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமாவா!" என்றேன் நான்.

"ரெண்டு நாள் காக்கா."

உள்ளே மதினி சிரிக்கிற சத்தம். றஹீமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணி ஓடியது. பிறகு சொன்னாள்.

"ஏச்சு போனாலும் பரவால்ல. முந்தி நான் கதச்சா என்ட முகத்தையே பாத்துக்கிட்டு இரிப்பாரு ராத்தா. உதட்டப் பாத்தாத்தானே அவருக்கு விளங்கும். கலியாணம் முடிச்ச புதுசுல பாத்தது. அதுக்குப் பொறகு அந்த நாலு வருசந்தான் பாத்தாரு. இப்ப போனப் பாத்துக்கிட்டு, 'கேக்குது, கேக்குது, கதை' எண்டுறாரு."

சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

"என்ன காக்கா, கண் கலங்கிக் கிடக்கு?" என்றார் தங்கராசா.

"உமித் தூசி."

"வீட்டுக்குள்ளயா?"

"சாறன்ல ஒட்டிக் கிடந்திரிக்கும்" என்று சொல்லி அவரை மாட்டு டொக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கேட்டேன் என்று சொன்னால் ஒளித்துக் கேட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தக் கோடு ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் நாள் ஒரு பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். மெசின் இரண்டும் சூடாகிப் பழுதாகிவிடுமாம், தினமும் பின்னேரம் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை கழற்றிப் பெட்டியில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டுமாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அவளிடம் அறிவித்தேன். "அந்த நேரம் இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது றஹீமா" என்று இரண்டு தரம் சொன்னேன். சரியாக ஐந்துக்கு அவள் பார்க்கக் கழற்றி, பெட்டியை டக்கென்று மூடினேன். போனை மேசை லாச்சிக்குள் வைத்தேன். குசினிக்குள் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் சட்டி மூடியைப் போட்டுப் பரீட்சித்திருக்கிறாள். நான் திரும்பவில்லை; தரையில் மூடி கிடந்ததைப் பிறகுதான் கண்டேன். அதன் பிறகு ஆரம்பித்தாள் மச்சான். முதலில் மெதுவாக, பிறகு கரண்டியை ஆட்டி ஆட்டி. நான் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு உதட்டில் பிடிபட்டது கொஞ்சந்தான். "மெசின்" என்பது நாலைந்து தரம் வந்தது. "ஒலுவில்" வந்தது. கருவாட்டைப் பற்றி நீளமாக ஏதோ வந்தது. ஏசும்போது அவளுக்கு இடது புருவம் மட்டும் தனியாக மேலே போகும், அதை நான் எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு மணிக்குத் தேத்தண்ணி வந்தது. கையில் கட்டி அளந்தேன்: நூற்று முப்பத்தாறு.

எட்டு நாளாக இது நடக்கிறது. ஐந்து மணிக்குப் பிறகு கோடு பள்ளத்தில் இறங்கி, அங்கேயே படுத்துக்கொள்கிறது. நேற்றுக் கல்முனை டொக்டர் மெச்சி, என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "நேரத்துக்குத் தேத்தண்ணி குடிக்கம் டொக்டர்" என்றாள் உன் ராத்தா. வீட்டுக்கு வந்தோம், ஐந்து மணி ஆனது, கழற்றி வைத்தேன், ஏச்சு நடந்தது. எல்லாம் முடிந்து கோப்பையை நீட்டும்போது என் முகத்துக்கு நேரே குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் உதட்டை மெல்ல மெல்ல அசைத்தாள். ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. "அண்டைக்கி நாங்க கதச்சத்த நீங்க கேட்டிரிக்கயள், என்ன? போன் தட்டுலதானே கிடந்திச்சி."

"ஓம், ஓம், சீனி காணும், போதும்" என்றேன்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தோள் இரண்டும் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சீனி போட மறந்திருந்தாள்.

ஆகவே மச்சான், இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். மனுசனுக்கு ஒரு மணித்தியாலமாவது எந்த மெசினும் இல்லாமல் பெண்சாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. இனிமேல் புதுச்சாமான் எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம். படம் கூட அனுப்ப வேண்டாம். ஐம்பத்தொன்பது வயதில் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், தொழுகையை விட்டுவிடாதே, வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. உன் ராத்தாமார் இருவரும் சலாம் சொல்வார்கள், நான் இதை எழுதுவது தெரிந்தால். உன் ரிஸ்கிலும் ஆயுளிலும் அல்லாஹ் பறக்கத்துச் செய்வானாக, ஆமீன்.

இப்படிக்கு
உன் மச்சான்,
அபூசாலி

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகிற நேரம் ஒரு யோசனை. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் சொல்வதில் முக்கால்வாசி எனக்குத் தவறிப்போகிறது, நல்ல நல்ல கட்டங்கள் எல்லாம் போகின்றன. எதிரில் இருக்கிறவர் கதைப்பதை எழுத்தாக்கி, கண்ணுக்கு முன்னால் ஓடவிடுகிற மூக்குக் கண்ணாடி ஒன்று வந்திருக்கிறதாம். அவள் முகத்தைப் பார்த்தபடியே வாசிக்கலாம். கடையில் விசாரித்துப் பார். கறுப்புப் பிறேம் போதும், வாசிப்புக் கண்ணாடி என்று சொல்லிச் சமாளிப்பேன். தமிழ் விளங்குமா என்று கட்டாயம் கேள். நிந்தவூர்த் தமிழ், அதுவும் வேகமாக ஏசும்போது, விளங்குமா என்று கேள். இன்ஸாப் திரும்பி வருகிற பயணத்தில் கொடுத்துவிட்டால் போதும். அவசரமில்லை, பெருநாளுக்கு முன் கிடைத்தால் நல்லது.