வாப்பாவுக்கு இரண்டு குளிப்பு

உயிரோடு இருந்த என் வாப்பாவை ஒரு வியாழக்கிழமை பகல் நான் மௌத்தாக்கிவிட்டேன். இதை நானே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. கல்முனைக்குடியில் யாரிடமாவது என்னைப் பற்றி விசாரித்தால், நான் ஓதிய ஓதலையோ பேசிய பயான்களையோ சொல்ல மாட்டார்கள். இதைத்தான் சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. மத்ரஸாவில் ஓதி முடித்திருந்தேன், வயது இருபத்திரண்டு. ஆபிரிக்காவில் ஒரு கரையோரக் கிராமத்தில் புதிதாக மார்க்கத்துக்கு வந்த மக்களுக்கு ஓதிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஸ்ரத் மூன்று பேரைப் பயிற்சிக்கு எடுத்தார். அனுப்பப்போவது ஒருவரைத்தான். அந்த ஒருவர் நான்தான் என்று ஹஸ்ரத் முடிவு செய்வதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். (உம்மாவும் தகரப் பெட்டி வாங்கிவிட்டார்.)

ஹஸ்ரத் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். போகிற இடத்தில் பள்ளிவாசல் கூட்டுவது முதல் இறந்தவர் உடலை, மய்யத்தை, குளிப்பாட்டுவது வரை எல்லாம் நீர்தான் செய்ய வேண்டும் என்பது ஒன்று. பார்வையைத் தாழ்த்தி, பேச்சைக் குறைக்க வேண்டும் என்பது மற்றது. முதலாவதைச் சுமாராகவும் இரண்டாவதை அளவுக்கு மிஞ்சியும் பிடித்துக்கொண்டேன். ஒரு கிழமைக்குள் கடையில் சீனி வாங்குவதைக்கூட விரலால் காட்டத் தொடங்கினேன். உங்கள் மகனுக்குத் தொண்டையில் ஏதும் வருத்தமா என்று கடைக்காரர் உம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

கடைசிப் பரீட்சை மய்யத்துக் குளிப்பாட்டல். வியாழன் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து பார்ப்பதாக ஹஸ்ரத் சொல்லியிருந்தார். மற்ற இருவரும் வாழைத்தண்டை வைத்துப் பழகினார்கள். எனக்கு அது கேவலமாகப் பட்டது. ஓர் ஆள் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். வாப்பா தானாகவே முன்வந்தார்.

வாப்பா சம்மாந்துறை வயல்களில் டிரக்டர் ஓட்டி உழுபவர். ஆள் பெரிய உடம்பு. ஆனால் விலாவில் யாராவது விரல் வைத்தால் குழந்தை மாதிரிச் சிரிப்பார்.

"எப்பிடியும் ஒரு நாளைக்கு நீதானே என்னக் குளிப்பாட்டப் போறாய்," என்றார். "இண்டைக்கே பழகு மகன். பொறகு கை நடுங்காது."

ஆள் கிடைத்தது. பலகை? எங்கள் ஊரில் மய்யத்துக் குளிப்பாட்டும் நீளப் பலகை பள்ளிவாசலில்தான் இருக்கும். அது பள்ளிவாசலை விட்டு வெளியே வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். இது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதிய எனக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை.

காலையிலேயே பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போய், பார்வையை நிலத்தில் வைத்துக்கொண்டு, பலகை வேண்டும் என்றேன்.

"ஆருக்கு மகன்?"

"வாப்பாக்கு."

அவர் கையிலிருந்த விளக்குமாறைச் சுவரில் சாத்தினார். பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினார். உம்மா எங்கே என்று கேட்டார். சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் என்றேன். அவருடைய கண் கலங்கியது. நான் வெளிநாடு போகப்போவதை நினைத்துத்தான் மனிதர் கலங்குகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான்தான் பேச்சைக் குறைத்திருந்தேனே.

பலகையைக் கைவண்டியில் ஏற்றித் தெரு வழியே தள்ளிக்கொண்டு வந்தேன். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். துணிக்கடைக்காரர் தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒருவர் கடையின் பாதிக் கதவைச் சாத்தினார். வருங்கால மார்க்க அழைப்பாளனுக்கு ஊர் தரும் மரியாதை அது என்று நினைத்து, தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன். (அன்று நான் எவ்வளவு சோகமாக நடந்து போனேன் என்பதைச் சொல்லி அழுத கிழவிகள் பலர்.)

கிணற்றடியைச் சுற்றிச் சேலைகளைக் கட்டி மறைத்து, வாப்பாவைப் பலகையில் கிடத்தி, இடுப்புச் சாரத்துக்கு மேல் ஒரு துணியைப் போர்த்தித் தொடங்கினேன். முதல் வாளி ஊற்றியதும் மய்யத்து வாய் திறந்தது.

"பச்சத் தண்ணி குளிருது மகன். மய்யத்தெண்டாலும் மனிசன்தானே. கொஞ்சம் சூடாக்கிக் கொண்டு வா."

சூடாக்கிக் கொண்டுவந்தேன். விலாப் பக்கம் தேய்க்கப் போனால் பலகை ஆடும் அளவுக்குச் சிரித்தார். மய்யத்துச் சிரிக்கப்படாது வாப்பா என்று நான் அதட்ட, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலப்பக்கம், இடப்பக்கம், கடைசித் தண்ணீரில் கற்பூரம், ஒன்றும் விடவில்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போது, "அந்தக் காதும் மகன்," என்று இடது காதைத் திருப்பிக் காட்டினார். அதை மறந்துதான் போயிருந்தேன். பிறகு வெள்ளைக் கபன் துணிகளில் சுற்றி, இரண்டு காதிலும் பஞ்சு வைத்தேன்.

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. டிரக்டர் மீராலெவ்வை காலமாகிவிட்டதாக மோதினாரின் தழுதழுத்த குரல் சொன்னது. மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை நான் உடனே சொன்னேன். முஃமினான ஒரு சகோதரனுக்காகத் துக்கப்பட்டேன். பிறகு வாப்பாவின் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, உங்கட பேரில் இன்னொரு டிரக்டர்காரர் இருந்தாரா என்று கேட்டேன்.

வாப்பா கபன் துணியோடு எழுந்து உட்கார்ந்தார். "அது நான்தான்டா," என்றார்.

அதற்குள் வாசலில் ஆட்கள். முதலில் வந்த பக்கத்து வீட்டு மாமி மறைப்பை விலக்கிப் பார்த்து, அங்கேயே மயங்கி விழுந்தார். அவரைத் தூக்குவதற்கு மய்யத்துதான் ஓடியது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மையவாடியில் கபுர்க் குழி வெட்டி முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஹஸ்ரத் வந்தார், கதிரையில் உட்கார்ந்தார்.

உம்மா டிரக்டருக்குப் பின்னால் இழுக்கும் பெட்டியில் வந்து இறங்கினார். வாப்பாவின் டிரக்டர்கார நண்பர் ஒருவர்தான் ஏற்றிவந்தார். அழுது அழுது உம்மாவின் முகம் வீங்கியிருந்தது. கபன் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த வாப்பாவைப் பார்த்தார். அழவில்லை, ஏசவில்லை. அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

"மௌத்தாப் போன மனிசனெண்டு வழியெல்லாம் ஒங்கட பிழையெல்லாம் பொறுத்துக்கிட்டு வந்தன்," என்றார். "கலியாணம் முடிச்ச நாளையில இருந்து ஒண்டொண்டா நெனச்சி, இதையும் பொறுத்தன், அதையும் பொறுத்தன் எண்டு சொல்லிச் சொல்லி வந்தன். இப்ப நான் என்ன செய்யிற?"

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

என்னை அனுப்பப்போவதில்லை என்று ஹஸ்ரத் சொல்லிவிட்டார். அது நியாயம். ஒரு கிராமத்தையே கலங்கடிப்பவனைக் கடல் கடந்து அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஆனால் வாப்பா மூன்று நாள் மத்ரஸாவுக்கு நடந்தார். என்ன சொன்னார் என்பதை ஹஸ்ரத் பிறகு என்னிடம் சொன்னார். "அவன் குளிப்பாட்டினதுல குறையில்ல ஹஸ்ரத். மய்யத்தே வந்து சாட்சி சொல்றன், இனி என்ன வேணும்?" ஹஸ்ரத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் போனேன். வாப்பாதான் என்னை அனுப்பிவைத்தார்.

இரண்டாம் வருடம், சம்மாந்துறையில் விதைப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், வயல் வரம்பில் உட்கார்ந்த வாப்பா எழுந்திருக்கவில்லை. தந்தி என் கைக்கு வர எட்டு நாள் ஆனது. மற்றதெல்லாம் பிறகு கேட்டு அறிந்தவை. செய்தி சொல்லப் போனவரிடம், இந்தத் தரம் எந்த மகன் குளிப்பாட்டப் பழகுகிறான் என்று தேநீர்க் கடையில் கேட்டார்களாம். மோதினார் ஒலிபெருக்கியைத் தொட மறுத்துவிட்டார். தானே வீட்டுக்கு வந்து, வாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகுதான் போய் அறிவித்தார். அப்படியும் சிரித்துக்கொண்டு வந்த ஆட்கள் இருந்தார்களாம்; வாசலில் உம்மாவின் முகத்தைக் கண்ட பிறகுதான் தொப்பியைத் தேடியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை ஊருக்குக் கொடுத்தவன் நான். 

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒரு செய்தியை நம்பாவிட்டால், "மோதினார் வந்து பாத்தாரா?" என்றுதான் கேட்பார்கள். என் பிள்ளைகள் கேட்கிறார்கள். கதை தெரியாத பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆபிரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பிய அன்று உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே முன்பின் தெரியாத ஒன்பது பேரை என் கையால் குளிப்பாட்டினேன், வாப்பாவை மட்டும் முடியவில்லை என்று சொன்னேன். ஒன்பது பேருக்கும் இடது காதை மறக்காமல் துடைத்தேன் என்றும் சொன்னேன். வாப்பா சட்டென்று போய்விட்டாரே, நீங்கள் அவரைப் பொறுத்துக்கொண்டதாகச் சொல்லவும் நேரம் கிடைத்திருக்காதே என்று கேட்டேன்.

"அத அண்டைக்கு டிரக்டர் பெட்டியிலயே குடுத்திட்டன்," என்றார் உம்மா. "பொறகு நான் அதத் திருப்பி எடுக்கல்ல மகன்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர்ர கடைசிக் குளிப்புக்குத் தண்ணி நான்தான் சூடு பாத்துக் குடுத்தன். நீயும் அண்டைக்கே ஒன்ட கையால குளிப்பாட்டிட்டாய். அதுவும் அவர் சிரிக்கச் சிரிக்க."