கம்ப்ரசருக்காக நான் தூங்கிய மூன்று வாரம்

தூங்குவதற்கென்று ஆள் வைத்துக்கொண்ட மனிதர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கம்ப்ரசர். அந்த ஆள் நான்.

அவர் பண்டார் தெங்காராவிலிருந்து பாசிர் கூடாங்கிற்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். அவருடைய நிஜப் பெயர் பஸ்ஸில் வந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்ரசர் என்பது குறட்டையால் வந்த பெயர். அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவர் குறட்டை விட்டால் என் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதுகூடப் பரவாயில்லை, நடுவில் திடீரென்று நின்றுபோகும். மனுஷன் போய்விட்டாரா என்று நான் பதறி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி கிளம்பும்.

கம்பெனி டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, தூக்கத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு நிற்கிறது என்று சொல்லி ஒரு மெஷினைக் கொடுத்தார். ஒரு குழாய், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க், வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை. உள்ளே ஒரு கார்டு. எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார், எத்தனை தடவை மூச்சு நின்றது எல்லாம் அதில் பதிவாகும். மூன்று வாரத்துக்கு பஸ் ஸ்பேர் டிரைவரிடம். கார்டு சரியாக இருந்தால் சாவி திரும்ப வரும். இல்லாவிட்டால் வேலை போகும்.

முதல் ராத்திரி பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"நான் வெளிய விடப் போனா அது உள்ள தள்ளுது லா. மூக்கு எனக்கா, அதுக்கா?" என்றார்.

"பழகிடும் அண்ணே."

"காத்துகூடப் பரவால்ல தம்பி. தாடைய கட்டச் சொல்றாங்களே. பொணத்துக்குத்தான் தாடைய கட்டுவாங்க. கட்டிக்கிட்டுத் தூங்கினா எப்படி எழுந்திரிக்கிறது?"

கேலி செய்ய வாயெடுத்தவன் அவர் கையைப் பார்த்தேன். பட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒற்றைக் கையால் திருப்புகிறவருக்கு ஒரு துணிப்பட்டையிடம் அத்தனை பயம்.

மறுநாள் சாயங்காலம் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி என் அறைக்கு வந்தார். அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகக் கூலாய் போயிருந்த நேரம். தடுக்க ஆளில்லை.

"கார்டுக்கு மூச்சு வேணும், அவ்வளவுதானே. யார் மூச்சுன்னு அதுல எழுதியா இருக்கு? நீ ஒல்லி. உன் மூச்சு சுத்தமா இருக்கும்."

"ஐயோ அலமாக், டாக்டர் கண்டுபிடிச்சா என்னண்ணே செய்றது?"

"கோழிக்கறி சமைச்சு வச்சிருக்கேன்," என்றார். அதுதான் பதில். நானும் ஒரு மானங்கெட்டவன், போய்ச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் அவருக்காகத் தூங்கினேன். காலையில் கதவைத் தட்டி, "எத்தனை மணி நேரம்?" என்று விசாரிப்பார். நடுவில் பாத்ரூம் போனேன் என்றால்கூடக் கோபம் வரும். "பொறுப்பு வேணாமா தம்பி? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுடுவ போல." ஒருநாள் மாஸ்க் கழன்று கிடந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு எனக்குக் கோழிக்கறி கிடையாது என்றுவிட்டார்.

கிளினிக்கிற்கு நானும் கூடப் போனேன். கார்டைப் பார்த்த டாக்டரம்மா அசந்துபோனார்.

"ரொம்ப நல்லா இருக்கு. பகல்ல தூக்கம் வருதா?"

"வர்றதே இல்ல டாக்டர்," என்றார் கம்ப்ரசர், கொட்டாவியை இருமலாக மாற்றியபடி. கடிதம் கிடைத்தது. சாவியும் கிடைத்தது.

நான்காம் நாள். விடிந்தும் விடியாத வேளை. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே நேர் ரோடு. நான் எப்போதும் போல அவருக்குப் பின் சீட்டில். மற்றவர்கள் எல்லாரும் தூக்கம். எதிரே பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. தற்செயலாக அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். கம்ப்ரசரின் கண்கள் மூடியிருந்தன. கை ஸ்டியரிங்கில் ஒழுங்காகத்தான் இருந்தது. பஸ் அவசரமே இல்லாமல் நடுக்கோட்டைத் தாண்டி லாரியை நோக்கிப் போனது.

"அண்ணே!" என்று அலறிக் காலரைப் பிடித்து இழுத்தேன். விழித்தவர் வெட்டித் திருப்பினார். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாமல் கடந்தது. பஸ் புல்லில் ஏறி நின்றது.

"பஞ்சரா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

"ஆமாம்மா, நீ தூங்கு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லிடாத தம்பி. பஸ்ஸ விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தார்.

டாக்டர் கடிதம் கொடுத்தது என் மூச்சைப் பார்த்து. நாற்பது பேரைச் சாகக் கொடுக்கப் பார்த்தது அவர் மட்டுமில்லை, நானும்தான்.

"இறங்குங்கண்ணே. ஸ்பேர் டிரைவரக் கூப்பிடுங்க. நாம ரெண்டு பேரும் கிளினிக் போறோம்."

அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. சாவியைப் பிடுங்கவும் தயாராக இருந்தேன். அவரே எடுத்து என் கையில் வைத்தார்.

நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா இருவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாம் முடிந்தபின் கம்ப்ரசர் மெல்லக் கேட்டார்: "தாடைய கட்டாம ஏதாச்சும் இருக்குமா டாக்டர்?"

"இருக்கே. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுற மாஸ்க். இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"பயந்தாங்கொள்ளின்னு நினைப்பீங்க," என்றார்.

இரண்டு மாதம் அவருக்கு பஸ் இல்லை. கம்பெனி பொறுத்துக்கொண்டது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பேரனைப் பார்க்கக் கூலாய் போனாலும் மெஷின் மடியில் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் மனிதர்களை நலம் விசாரிக்குமுன் பிளக் பாயிண்டைத் தேடுவார். குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாளே போய் மண்டபத்தில் படுத்தவர், ஐஸ்கிரீம் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு மெஷினை மாட்டினார். காலையில் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. பெண் வீட்டார் அடிக்க வந்தார்கள். "ஐஸ்கிரீமா, என் மூச்சா?" என்று கேட்டுக்கொண்டே மாஸ்க்கைத் துடைத்தார். கார்டு இந்தத் தடவை அவர் மூச்சால் நிறைந்தது.

மறுபடி பஸ் எடுத்த முதல் நாள், எங்களை இறக்கிவிட்டு, தொழிற்சாலை வாசல் காவலாளி அறையிலிருந்து வயர் இழுத்து பஸ்ஸிலேயே படுத்திருந்தார். மாஸ்க் மாட்டியிருக்கிறாரா என்று சோதிக்கத்தான் சாப்பாட்டு நேரத்தில் ஏறிப் பார்த்தேன். மாட்டியிருந்தார். ஆனால் குறட்டை இல்லை. அவர் நெஞ்சைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உடனே போயிருக்கலாம். இன்னும் ஒரு மூச்சைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். வேலைக்குத் திரும்ப மணி அடித்தபோது என் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே மடியில் இருந்தது.