தொட்டி கழுவச் சம்மதம்

'இனி தண்ணீர்த் தொட்டியை வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கழுவ வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணி. முதல் முறை: மூன்றாம் மாடி.'

அறிவிப்புப் பலகையைப் படித்த மூன்றாம் மாடித் தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரம் ஆறு நாள் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. அதில் கைவைத்தால் விடுவாரா? நேரே போய்க் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கதவைத் தட்டினார்.

"என்னை யாரு கேட்டா? நான் சம்மதிச்சேனா?"

"சங்கத் தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்கல்ல? அதுதான் சம்மதம்," என்றார் செயலாளர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

"உங்களுக்கு எதிராத்தானே போட்டேன்!"

"போட்டியை ஏத்துக்கிட்டா முடிவையும் ஏத்துக்கணும்."

"அப்ப இனிமே போடவே மாட்டேன்."

"மௌனமும் சம்மதந்தான்."

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "போட்டாலும் சம்மதம், போடாட்டியும் சம்மதம். பேசாம அடுத்த தேர்தல்ல நீங்களே நின்னுடுங்க."

வீறாப்பில் நின்றார். ஒரே வாக்குறுதி: கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளாத யாரையும் எந்த வேலைக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. பன்னிரண்டு வீட்டு ஓட்டும் அவருக்கே விழுந்தது, பழைய செயலாளரின் ஓட்டு உட்பட. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கைதட்டல் காதை அடைத்துவிட்டது.

ஒரே மாதத்தில் குழாயில் பாசி வந்தது. புதுச் செயலாளர் தொட்டி கழுவும் சம்மதத் தாளில் முன்மாதிரியாகத் தன் கையெழுத்தை முதலில் போட்டு, அந்தத் தாளோடு படியேறினார்.

"நான் கையெழுத்துப் போடலியே அண்ணே," என்றார் முதல் மாடிக்காரர்.

ஆள் வைத்துக் கழுவலாமென்று ஆளுக்குக் கொஞ்சம் சந்தா கேட்டார்.

"அதுக்கும் சம்மதம் வேணுமே. உங்க சட்டம்தானே?" என்றாள் இரண்டாம் மாடி அக்கா.

கடைசியில் சொந்த வீட்டுக்கு வந்து தாளை நீட்டினார்.

"எனக்கும் அதே சட்டந்தாங்க," என்றாள் மனைவி.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தாளில் இருந்த ஒரே கையெழுத்துக்குச் சொந்தக்காரர் பிரஷ்ஷோடு தொட்டிக்குள் இறங்கினார். அழுகையே வந்தது. காவலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய செயலாளர் எங்கேப்பா? ஒரு கை குடுக்கக் கூடாதா?"

"தூங்கட்டும் சார், பாவம். ஒன்பது வருஷமா இதை அவரு ஒத்தை ஆளா கழுவினாரு. யாராச்சும் 'என்னை யாரு கேட்டா'ன்னு சண்டைக்கு வர மாட்டாங்களான்னுதான் அந்த அறிவிப்பையே ஒட்டினாரு!"