என் கட்டுரையை நிராகரித்த தவசி மாமா

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் செத்துப்போனவர்களுக்கும் இடம் உண்டு. பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட்டுவிட்டால் போதும், அவரும் மண்டப வாசலில் நின்று வரவேற்பதாகத்தான் அர்த்தம். ஒரு பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அறுந்துவிடும். இந்த ஊர் வழக்கத்தை நான் ஓர் இங்கிலீஷ் ஆய்விதழுக்குள் கொண்டுபோய் நுழைத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க முடியாமல் போகலாம்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சிலமலையிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போடிக்கு வந்து, ஒரு கல்லூரியில் தற்காலிகமாகத் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் ஏலக்காயில் விழும் அழுகல் நோய்தான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. நோய் இருப்பது மலைமேல், நான் இருப்பது அடிவாரத்தில். இரண்டுக்கும் இடையில் இருந்தவர் தவசி மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்தச் சரிவில் முதலில் அழுகும், எதில் கடைசியாக அழுகும் என்று அவரும் அத்தையும் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். என் முதல் கட்டுரையில் பாதி அப்படி வந்ததுதான். கட்டுரை முடிகிற நேரத்தில் மாமா மாரடைப்பில் போய்விட்டார்.

"அண்ணன் பேரு போடாம அனுப்பிருவியா நீயி?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். "காது குத்துறப்ப மடியில வச்சிருந்தது யாரு? சடங்குக்கு ஓலைக் குச்சு கட்டுனது யாரு? அவுக பேரு இல்லாம நம்ம வீட்டுல என்ன சோலி நடந்துருக்கு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஆய்விதழின் இணையப் படிவத்தில் ‘தெய்வத்திரு’ போட இடம் இல்லை. சேர்ந்து எழுதிய இணை ஆசிரியரின் மின்னஞ்சல் வேண்டும், ஆய்வாளர் அடையாள எண் வேண்டும், ‘ஆம், இது நானும் எழுதியதுதான்’ என்று அவரே ஒப்புதல் தர வேண்டும். விவரம் தெரிந்தவள் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பாள். நான் மாமா பெயரில் மின்னஞ்சல் திறந்தேன். அடையாள எண் வாங்கினேன். பணியிடம் என்ற கட்டத்தில் ஏலமலை என்று போட்டேன். கடவுச்சொல் மறந்தால் தொடர்புகொள்ள ஒரு போன் நம்பர் கேட்டது. செத்தவரின் சிம் எங்கே உயிரோடு இருக்கப்போகிறது என்று மாமாவின் பழைய நம்பரையே கொடுத்தேன்.

உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. ‘அன்புள்ள தவசி, இது நீங்கள்தானா?’ என்று கேட்டிருந்தது. சுவரில், மாலை போட்ட படத்திலிருந்து மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். நல்ல மே மாத மதியம், ஆனால் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன்.

கட்டுரை வெளிவந்தது. அச்செடுத்த தாளை மாமா படத்தின் கீழே வைத்து அம்மா சூடம் காட்டினாள். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் ஒன்றுமில்லை. அடுத்த ஜூனில் ஒரு காலை, போடி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அடையாள எண் தந்த ஆய்வாளர் தளத்திலிருந்து போனில் அறிவிப்பு வந்தது. ‘தவசி உங்களைப் பின்தொடர்கிறார்.’ நான் சட்டென்று திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். வெற்றிலைக் கட்டோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். "என்னத்தா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுவாரம் மாமாவின் பக்கத்தில் முகப்படம் ஏறியிருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனரில் போட்ட அதே படம். வெட்டி எடுத்ததில், ஓரத்தில் பேனரின் மெழுகுவத்திச் சுடர் பாதி தெரிந்தது. அதற்கடுத்த வாரம், ஆர்வமுள்ள துறைகள் என்ற இடத்தில் மூன்று சொற்கள்: மழை, நிழல், அழுகல். என் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. செத்த மனிதர் என்னைவிட ஒழுங்காகத் தன் பக்கத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் கணக்கை மூடிவிடலாம் என்று உள்ளே நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்றது. எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தேன். ‘கடவுச்சொல் மூன்று வாரங்களுக்கு முன் உங்களால் மாற்றப்பட்டது’ என்றது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "வந்துருப்பாக" என்றாள். "நீதான கூப்புட்ட?"

இந்த நேரத்தில்தான் என் இரண்டாவது கட்டுரை அதே ஆய்விதழுக்குப் போனது. கல்லூரியில் ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் விழுந்திருந்தது. நேர்காணலுக்குள் கையில் இரண்டு கட்டுரை இருந்தால் அது எனக்கு. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம், வருகிறாயா போகிறாயா என்று கேட்க ஆளில்லாத தற்காலிகப் பிழைப்பு. ஏற்கெனவே ஐந்து வருஷம் அப்படி ஓடியிருந்தது.

அந்தக் கட்டுரையைப் பற்றி இன்னொரு வாக்குமூலம் இருக்கிறது. எஸ்டேட்டின் மேல் சரிவில், கொட்டுகிற மழையில், காய்களின் மாதிரி எடுக்க வேண்டும். மாமா இருந்தவரை அவரே எடுத்து ஜீப்பில் கொடுத்துவிடுவார். இந்த முறை நானே போனேன். ஜீப்பை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. நான் போட்ட கூச்சலில் ரோட்டோர டீக்கடைக்காரர் உப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். அதற்குப் பிறகு மேலே ஏறுகிற உத்தேசமே எனக்கு இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த கடைசி வரிசையில் அழுகிய காய்களாகப் பார்த்துப் பறித்தேன், பையில் ‘மேல் சரிவு’ என்று எழுதினேன், இரண்டு பருப்பு வடை தின்றேன், அடுத்த ஜீப்பில் இறங்கிவிட்டேன். பத்தடியில் ஆள் தெரியாத மூடுபனி, யாரும் பார்க்கவில்லை. அத்தை வீட்டுக்குக்கூடப் போகவில்லை. (போனால் ஏறச் சொல்வாள்.) மேல் சரிவில் அழுகல் கடுமையாக இருக்கிறது, அங்கே மருந்தைக் கூட்டி அடிக்க வேண்டும் என்று கூசாமல் முடிவுரை எழுதினேன்.

ஆகஸ்டில் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. இந்த ஆய்விதழில் எழுதியவர் பெயரை மறைத்துத்தான் மதிப்பிட அனுப்புவார்கள். மதிப்பிட்டவர் பெயரும் நமக்குத் தெரியாது. அறிக்கை சுத்தமான இங்கிலீஷில் நாலே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அவள் மேலே ஏறவில்லை. இந்தக் காய்கள் டீக்கடைக்குப் பின்னால் பறித்தவை. மேல் சரிவில் மழைக்கு முன்பே நிழல்மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாயிற்று, அங்கே இந்த வருஷம் அழுகலே இல்லை. நிராகரிக்கவும்.’

அவள் என்று எப்படித் தெரியும்? டீக்கடை என்று யார் சொன்னது? கட்டுரையில் ஓர் இடத்திலும் டீக்கடை கிடையாது. மாமாவின் பக்கத்தைத் திறந்தேன். ‘இந்த வாரம்: தவசி ஒரு கட்டுரையை மதிப்பிட்டார்’ என்று இருந்தது. சின்ன ஆய்விதழ், மதிப்பிட ஆள் பஞ்சம். அதில் ஏலக்காய் அழுகலைப் பற்றி எழுதியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எழுதினால் மற்றவரிடம்தானே அனுப்புவார்கள்?

கல்லூரி மரத்தடியில் நின்று மாமாவின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "மாமா..." என்றேன். (ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.) மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தகரக் கூரையில் அடித்து ஊற்றுகிற மழை. அதற்கு நடுவில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் நின்ற இடத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்புறம் தொடர்பு அறுந்தது.

எனக்கு மூன்று நாள் காய்ச்சல். அம்மா திருநீறு மந்திரித்து வாங்கிவந்து பூசிவிட்டு, "மாமனுக்குப் பயந்தா எப்பிடி? மேல போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வெரசா வந்துரு" என்றாள்.

காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு பனி கூடிக்கொண்டே போனது. அத்தை வீடு எஸ்டேட் லயத்தில், வரிசையாகக் கட்டிய வேலைக்காரர் குடியிருப்பில், கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே மாமா படம், அதன் காலடியில் ஒரு பழைய போன், சார்ஜில். நான் வாசலில் கால் வைத்ததும் அதன் திரை தானாகப் பளிச்சென்று எரிந்தது. நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

"வா ஆத்தா" என்று உள்ளேயிருந்து அத்தை வந்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"அத்தை, இது... மாமா போன்தான?"

"ஆமா, அவுக போனுதான். அணைச்சுப் போட மனசு வரல. யாராச்சும் கூப்புட்டா எடுப்பேன். பேச மாட்டேன். அவுகளக் கேக்குறவகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

மூன்று நாள் காய்ச்சலில் என்னைத் தள்ளிய அந்த மூச்சு அத்தையுடையது.

மாமாவின் மகள் ஈசுவரி மதினி பள்ளிக்கூடத்திலிருந்து குடையை உதறிக்கொண்டு வந்தாள். மலையில் இங்கிலீஷ் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஜூன் மாசம் அப்பா போனுக்கு மெசேஜ் வந்துச்சு பிள்ள, ‘தவசி, உங்கள் கணக்கு ஒரு வருடமாகத் திறக்கப்படவில்லை’ன்னு. எறந்தவருக்கு என்ன கணக்குன்னு, போனுக்கு வந்த நம்பரப் போட்டு பாஸ்வேர்ட மாத்தித் தொறந்தா, அவரு பேருல கட்டுர! அன்னைக்குப் பூராம் அம்மா அழுதா. அப்பறம் நாந்தான் போட்டோ போட்டேன், ஒன்னையப் பின்தொடர்ந்தேன். போன மாசம், ஒரு கட்டுரையப் பாத்துச் சொல்லுவீங்களான்னு அப்பாக்குக் கேட்டு வந்துச்சு. நான் தமிழ்ல படிச்சுக் காட்டுனேன். அம்மா சொன்னத இங்கிலீசுல எழுதி அனுப்பிட்டேன்."

அப்பாடா என்று எனக்கு உயிர் திரும்பியது. நானும் சிரித்தேன். "அப்ப டீக்கடையில என்னையப் பாத்தது நீங்கதானா அத்தை?"

"நான் எங்கிட்டுப் பாத்தேன்?" என்றாள் அத்தை. "மேல காய் எடுத்துக்கிட்டு நின்னேன். அவுக சொன்னாக, நான் சொன்னேன்." உலை கொதித்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மதினியின் சிரிப்பு நின்றுவிட்டது. "டீக்கடைக்காரரு ஒன்கிட்டச் சொல்லலயாம்மா?" என்று கேட்டாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"அது கெடக்கட்டும். மருந்தக் கூட்டி அடிக்கணும்னு எழுதிருக்கியே, அடிக்கிறது யாரு? முதுகுல டின்னக் கட்டிக்கிட்டு நாங்கதான ஆத்தா ஏறணும்? இல்லாத சீக்குக்கு?"

வெட்கம் என்றால் அன்றைக்குத்தான் வெட்கம். இவர்கள் சொன்னதை எழுதித்தான் நான் முனைவர் ஆனேன். எனக்கு ஒரு நிரந்தர நாற்காலி வேண்டும் என்பதற்காக இவர்கள் முதுகில் விஷத்தை ஏற்றப் பார்த்திருக்கிறேன். அழுதேன். அத்தை அழவிட்டாள், பிறகு அட்டை ஏறாமலிருக்க என் காலில் மூக்குப்பொடியைக் குழைத்துத் தேய்த்துவிட்டாள். மழையிலேயே மேல் சரிவுக்கு ஏறினோம். எல்லாக் காய்ச்சரத்தையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு காய்கூட அழுகியிருக்கவில்லை.

இறங்கும்போது டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் மலையாளம் கலந்து பேசுகிறவர். "அட்டைக்கு அலறின டீச்சரல்லே!" என்று உற்சாகமாக வரவேற்றார். "நான் ஆர்கிட்டயும் பறஞ்சதில்லா. தவசியண்ணன் போனதுக்கப்பறம் அவரோட சம்சாரம் இந்தக் கடைப் பக்கமே வரல்லியே." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வடையும் தின்னவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்தப் பணியிடம் மதுரைக்காரர் ஒருவருக்குப் போனது. மறு வருஷம் மழை முழுக்க ஏறி இறங்கி, அத்தையின் பெயரையும் சேர்த்துப் புதிதாக எழுதி அனுப்பினேன். (அத்தை உயிரோடு இருக்கிறாள், படிவத்தில் சிக்கல் இல்லை.) அனுப்பும்போதே ஆசிரியர் குழுவுக்கு உண்மையையும் எழுதிவிட்டேன்: தவசி என்பவர் என் மாமா, காலமாகிவிட்டார், அவரிடம் எதையும் அனுப்பாதீர்கள், பழைய கட்டுரையிலிருந்தும் பெயரை நீக்கிவிடுங்கள்.

பதில் வந்தது. புதிய கட்டுரையை வேறு இருவர் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். பெயர் நீக்கம் பற்றி மட்டும் தனியாக ஒரு பத்தி இருந்தது. இணை ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் யார் பெயரையும் நீக்க முடியாதாம். அதனால் இரண்டு நாள் முன்பு திரு. தவசியிடமே கேட்டார்களாம். அவர் மறுத்துவிட்டாராம்.

மதினியைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். "சத்தியமா நான் இல்ல பிள்ள" என்றாள். "அப்பா கணக்கு அந்தப் போனுலதான் தொறக்கும். அது ரிப்பேர்னு போடியிலதான கெடக்கு, போன வாரத்துலருந்து?" அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது, டீச்சர் குரல். போடியில் அந்த ரிப்பேர் கடைக்குப் போய்க் கேட்டேன். போன் அங்கேதான் கிடந்தது, பேட்டரி கழற்றி.

அதோடு நான் விட்டுவிட்டேன். அடுத்த நேர்காணலில் என் வேலை நிரந்தரமாயிற்று. மாமாவும் நிரந்தரமாகிவிட்டார். எங்கள் வீட்டில் யாராவது கதையளக்க ஆரம்பித்தால் அம்மா ஒரே வரிதான் சொல்வாள்: "மாமனுக்கு அனுப்பிப் பாப்பமா?" ஆபீசில் மீட்டிங் என்று சொல்லிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், அதைக் கேட்டு நின்ற இடத்திலேயே சினிமா டிக்கெட்டை எடுத்து நீட்டியிருக்கிறார்.

போன வாரம் என் மாணவி ஒருத்தி, கொட்டுகிற மழையில் மேல் சரிவில் எடுத்தது என்று மாதிரிப் பைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பையில் ஒட்டியிருந்த மண் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. நான் திட்டவில்லை. "இத எங்க மாமாகிட்ட அனுப்பலாமா?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கதை துறை முழுக்கத் தெரியும். அவள் முகம் வெளுத்து, பைகளை வாரிக்கொண்டு, வகுப்புக்குக்கூடப் போகாமல் ஜீப் நிறுத்தத்துக்கு ஓடினாள்.