இரண்டு ரசமட்டங்களும் கெட்டுப்போன வீடு

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சன்னலோரம், கால் குட்டையான கை நாற்காலியில் மனைவி. அவளுக்கு எதிரே தரையில், பாயை விரித்துக்கொண்டு, அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த பிசியோதெரபிப் பெண். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மனைவியின் தம்பி, கையில் பசைக் குப்பியோடு. மறுமுனையில், பேனாவும் கையுமாக, அவள் கணவர் தூக்குக்குண்டு சார்.

கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சுவர் ஒரு நூல் பிசகினாலும், தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்காமல் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் வேலையாட்கள் வைத்த பெயர் அது. அவருக்கும் அதில் ரகசியப் பெருமை உண்டு.

"இன்னைக்குத் தபால்ல போயாகணும்," என்றார். "வேலைக்கு வர்றீங்களா, விடுறீங்களான்னு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. விடுறோம்னு எழுதிட்டேன்."

"விடுறேன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் மனைவி. அவள் விளையாட்டு ஆசிரியை. சன்னல் கொக்கியில் அவளுடைய விசில் தொங்கிக்கொண்டிருந்தது, தூசியோடு.

"சுவரைப் பிடிக்காம நிக்க முடியல. ஓட்டப் பந்தயம் நடத்தப் போறியா?"

அவள் விசிலைப் பார்த்தாள்.

ஆரம்பித்தது போன வருடம், மாடிப்படியில். அவள் பின்னால் ஏறிக்கொண்டிருந்த சார், "ஏய், ஒரு பக்கமா சாயுற," என்றார்.

"நானா? ஒண்ணும் தெரியலையே."

"சாயுறவங்களுக்குத் தெரியாது. பாக்கிறவனுக்குத்தான் தெரியும். இது காதுக் கோளாறு. என் கூட வேலை பார்த்தவனுக்கும் இப்படித்தான்."

எத்தனையோ கட்டடங்களை நிமிர்த்திய கண் சொல்கிறது. அவள் நம்பினாள், விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

விழுந்துவிடக் கூடாதே என்று கை நாற்காலி வாங்கிப் போட்டார். அதுவும் சாய்வாகத் தெரிந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். சாய்வே இல்லை என்று குமிழ் நட்டநடுவில் நின்றது. ரசமட்டம் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் கெட்டிருந்தது. "இப்பல்லாம் எவன் ஒழுங்கா செய்யுறான்," என்று சலித்துக்கொண்டு, கண்ணளவிலேயே ஒரு காலை அறுத்தார். பிறகு எதிர்க்காலை. பிறகு மறுபடி முதல் காலை. கடைசியில் நாற்காலி முக்காலி உயரத்துக்கு வந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. அதனால் அவள் எழுந்திருப்பதைக் குறைத்தாள்.

தலையைத் திருப்பினால் சுற்றுமே என்று தொலைக்காட்சியை அவள் முகத்துக்கு நேரே நகர்த்தினார். குனியக் கூடாதென்று வீட்டைத் தானே பெருக்கினார். அத்தனையும் அன்பினால்தான். சில மாதத்தில் அவள் நிஜமாகவே தள்ளாடினாள். "நான் அப்பவே சொல்லல?" என்றார். ஒரு நாள் எழுந்திருக்கும்போது கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு மெலிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, இந்தப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பெண் மனைவியின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள். "யாரு சார் இவங்கள இப்படி உட்கார வச்சது?"

"நான்தான். காது சரியில்லாதவளை நடக்கவா விடுறது?"

"காதுக்குள்ள சமநிலை பாக்கிற உறுப்பு ஒண்ணு இருக்கு சார். தலை அசைஞ்சாத்தான் அதுக்கு வேலை. அது சேதி சொன்னாத்தான் காலும் முதுகும் இறுகி நிக்கும். எலும்புக்கும் பாரம் போகும். அசையாம வச்சா அது சும்மா இருந்துடும். சதை கரையும், எலும்பு இளைக்கும். காது கெட்டிருந்தாலும் நடக்க வச்சுத்தான் பழக்கணும்."

தூக்குக்குண்டு சார் பேனாவைக் கீழே வைத்தார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய கால்கள் அவை. இப்போது பாவாடை விளிம்புக்குக் கீழே இரண்டு குச்சிகள்.

"உட்கார வச்சது என் தப்புதான்," என்றார், மெல்ல. "ஒரு வருஷத்தப் பாழாக்கிட்டேன். ஆனா காது கெட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" அந்த ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

கடிதத்தை மடித்து உறையில் போட்டார். மைத்துனர் பசை தடவி உறையை மூட, சார் அதன்மேல் தபால்தலையை ஒட்டினார்.

"அத்தான், தபால்தலைய ஏன் கோணலா ஒட்டுறீங்க?"

"நேராத்தான்டா இருக்கு. போய்ப் பெட்டியில போட்டுட்டு வா. தபால் வண்டி வந்துடும்."

"அக்கா?" என்றார் மைத்துனர்.

மனைவி விசிலிலிருந்து கண்ணை எடுத்தாள். "போடு," என்றாள். "அவருக்குத் தெரியாததா."

மைத்துனர் படியிறங்கினார்.

"எந்த அளவுக்கு ஆட்டம்னு பாத்துடலாம்," என்றாள் அந்தப் பெண். "பாயில நின்னு, கண்ண மூடி, கைய நீட்டி, நின்ன இடத்துலயே கால மாத்தி மாத்தி மிதிங்க. நான் பின்னாடி இருக்கேன்."

மனைவி தயங்கினாள். "பயப்படாத, நானும் பக்கத்துல நின்னு செய்யுறேன்," என்றார். இதையாவது அவளுக்காகச் செய்யலாம் என்றிருந்தது.

இருவரும் கண்ணை மூடி மிதித்தார்கள். போதும் என்று குரல் வந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் மனைவி இல்லை. மூக்குக்கு நேரே குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான் இருந்தது.

கீழே தெருவில் தபால் பெட்டியின் மூடி 'டக்'கென்று விழுந்தது.

அவர் அந்தக் கதவைப் பார்த்தபடியே சொன்னார். "பாத்தீங்களாம்மா, பாவம், எவ்வளவு தூரம் போயிட்டா."

அந்தப் பெண்ணின் குரல் எங்கோ பின்னாலிருந்து வந்தது.

"மேடம் பாயிலதான் நிக்கிறாங்க சார். சமையலறைக்குப் போனது நீங்க."