இருநூறு வாத்துகளும் என் நீச்சல் வகுப்பும்

எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே குலதெய்வத்தைக் கூப்பிடுகிற ஆள். அப்படிப்பட்ட நான்தான் ஒருநாள் காலையில் இருநூறு வாத்துகளுக்கு ஆற்றில் நீச்சல் பழக்கப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் படிப்பை முடித்த கையோடு, கிராமத்துப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற நிறுவனம் இல்லை அது. கடனோடு பயிற்சி, கால்நடை மருத்துவர், காப்பீடு, விற்பதற்கு வழி என்று எல்லாம் சேர்ந்து வரும். அதில் பயிற்சி என் பொறுப்பு. (வாத்தை முட்டை வடிவத்தில் மட்டுமே அறிந்திருந்தவளிடம் இதை ஒப்படைத்த மேலாளரை இன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்துக்கொண்டிருக்கிறேன்.)

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு குழு. நடவும் களையெடுப்புமாகக் காலம் தள்ளிய பத்துப் பெண்கள், கடன் வாங்கி ஆளுக்கு இருபது வாத்து வளர்த்தார்கள். பேச்சியம்மாள் அக்காதான் தலைவி. அன்றைக்குப் பத்து மணிக்கு, எங்களுக்கு நிதி தருகிறவர்கள் சென்னையிலிருந்து பார்க்க வருவதாக ஏற்பாடு. கொட்டகையில் அடைந்து கிடக்கும் வாத்தைக் காட்டுவதில் என்ன அழகு? வெள்ளை வெளேரென்று அவை நீரில் மிதக்கிற காட்சியை நான் இரண்டு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன். ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. ஆறு இருக்கிறதே.

"இன்னைக்கு வேண்டாம் மேடம்," என்றார் பேச்சியக்கா. "கார் சாகுபடிக்கு அணையத் தொறந்திருக்காவ. ஆத்துல இழுப்பு கூடி இருக்கு."

"வாத்துக்கு நீச்சல் பிறவியிலேயே வரும், அக்கா," என்றேன். பயிற்சிக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆறரை மணி. ஆற்றின் மேல் மெல்லிய பனிப்புகை. மேற்கே தெரிவது மலையா, மேகமா என்று பிரிக்க முடியவில்லை. கூடைகளைத் திறந்தோம். ஒவ்வொன்றாக இறங்கின. சத்தமே இல்லை. வெயில் தொட்ட இடத்தில் தண்ணீர் பொன்னாக, அதன் மேல் இருநூறு வெள்ளைப் பொட்டுகள். உலகத்தில் வறுமையே ஒழிந்துவிட்டது போல இருந்தது எனக்கு. கண்ணில் நீர் கூட வந்தது. ஆண்டறிக்கைக்கு முதல் வரியை மனதுக்குள் எழுதத் தொடங்கினேன்.

"மேடம்," என்றார் பேச்சியக்கா.

"அழகா இருக்கில்ல அக்கா?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா போய்ட்டுலா இருக்கு."

பார்த்தேன். பொட்டுகள் சிறுத்துக்கொண்டே போயின. ஒரு வாத்தும் பதறவில்லை. கழுத்தை நிமிர்த்தி, கிழக்கே ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல நிதானமாக ஆற்றின் வளைவில் திரும்பி மறைந்தன.

அதற்கப்புறம் கரையோரமாக ஓட்டம். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில் நான், எனக்கு முன்னால் பத்துப் பெண்கள். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், முள்வேலி. வழியிலேயே மேலாளரை அழைத்தேன்.

"சார், வாத்துங்க கொஞ்சம் கீழ போயிருக்கு."

"எவ்வளவு கீழ?"

"சேரன்மகாதேவி பக்கமா இருக்கலாம், சார்."

காப்பீடு இருக்கிறதல்லவா என்றார் அவர். இருந்தது. நோய்க்கும் சாவுக்கும். சுற்றுலாவுக்கு இல்லை.

எனக்கு முன்னால் ஓடிய இசக்கியம்மாள் திடீரென்று நின்று மூச்சு வாங்கினாள். குழுவிலேயே இளையவள். "மேடம், வாத்து போனாலும் தவணை கட்டணும்லா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். அந்தப் பொன் வெளிச்சம், பனிப்புகை எல்லாம் அப்போதுதான் என்னை விட்டுக் கலைந்தது.

இரண்டு மைல் தாண்டி ஒரு திருப்பத்தில் ஆறு அகன்று, ஓட்டம் தணிந்திருந்தது. கரையை ஒட்டி, நடவுக்குச் சேறாக்கித் தொழி உழுது போட்ட வயல். அதில் நம் வாத்துகள், தலையைச் சேற்றில் விட்டுப் பந்தியில் உட்கார்ந்தது போலத் தின்றுகொண்டிருந்தன. வரப்பில் ஓர் அண்ணாச்சி, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"யாரு வாத்தும்மா இது?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பேச்சியக்கா என் கையை அமுக்கினார்.

"எங்க வாத்துதான் அண்ணாச்சி. நத்தை, நண்டு ஒண்ணு விடாது. நாத்து நடுததுக்கு முன்னால நாலு நாள் மேய விட்டா வயலுக்கு நல்லதுலா?"

அவர் யோசித்தார். "நல்லதுதான். அதுக்கு நீ என்ன கேக்க?"

"தவிடு தாங்க. அறுப்பு முடிஞ்சதும் இங்கனயே மேய விடணும்."

சேறு முழங்கால் வரை ஏறிய நிலையில் நான் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சு முடிந்தது. மேலாளருக்கு இடத்தைச் சொல்லிவிட்டேன்; பத்து மணிக்குச் சென்னைக்காரர்களின் ஜீப் வயலுக்கே வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர், "மேய்ச்சலுக்கு விவசாயிகளோடு இணைப்பு ஏற்படுத்தியிருக்கிறீர்களா? நல்ல யோசனை," என்றார்.

"எல்லாம் மேடம் யோசனைதான் சார்," என்றார் பேச்சியக்கா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். "வாத்த நடத்திக் கூட்டிட்டு வந்தா களைச்சிரும்னு ஆத்தோட அனுப்பி வச்சாவ."

மற்ற ஒன்பது பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் தலையை ஆட்டினேன்.

எண்ணிப் பார்த்ததில் ஏழு குறைந்தது. அடுத்த சம்பளத்தில் ஏழு வாங்கி, கூடையில் வைத்து அம்பாசமுத்திரம் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சியின் பக்கத்து வயல்காரர்களும் வாத்தைக் கேட்டு வந்ததால், குழுவுக்குத் தீவனச் செலவு பாதியானது. கையேட்டில் அதற்குப் பக்கமே இல்லை.

பிறகு எனக்குக் கல்யாணமானது ஏரலில். அதே ஆறு கடலுக்குப் போகும் முன் தொடுகிற ஊர். இந்தக் கதையைக் கணவர் வீட்டில் சொன்னது நான் செய்த இரண்டாவது தவறு. நாத்தனார் அன்றே யோசித்து, அந்த வருஷம் தங்கள் படித்துறையில் ஏழு வாத்து கரையேறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். நடுவில் எத்தனை அணைக்கட்டு இருக்கிறது என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. இன்றும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கே போனால், தட்டில் இரண்டு அவித்த வாத்து முட்டை வரும்.

"சாப்பிடு மைனி. உன் பயிற்சில தேறின வாத்தோட வாரிசுதான்," என்பார் நாத்தனார்.

மறுத்துப் பேசுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. மிளகுத்தூள் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.